கரிக் கனலில் தொடங்கிய தேயிலை: ஜேம்ஸ் டெய்லரும் அவரைச் சுமந்தவர்களும்

ராகலையில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர் வந்தால் பன்றி விலா எலும்பு கரியில் வேகும். நீளவாக்கில் வெட்டிய தகரப் பீப்பாயும் அதன்மேல் ஒரு கம்பி வலையும்தான் அடுப்பு. கவாத்து வெட்டிய தேயிலை மிலாறால் நெருப்பு மூட்டி, அதன்மேல் கரியைக் கொட்டுவோம். முதல் புகை அடங்கி, கரிமேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகுதான் இறைச்சியை வைப்பது. கனலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் விலாவை வைத்து மூடினால் ஐந்து ஆறு மணித்தியாலம் பிடிக்கும். சூடு 110 முதல் 120 பாகைக்குள் நின்றால்தான் எலும்பைப் பற்றிய சவ்வு இளகும். அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே ரப்பராகும்.

இதே வேலையை 150 வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் பங்களாவில் செய்வித்தார். அவருடைய கனல்மேல் வைக்கப்பட்டது தேயிலைக் கொழுந்து. அவர்தான் இலங்கைத் தேயிலையின் தந்தை என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஜேம்ஸ் டெய்லர்.

1835 மார்ச் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் டெய்லர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 1852இல், 17 வயதைத் தொடும் முன்பே, கோப்பித் தோட்டத்தில் உதவியாளராக ஒப்பந்தமாகி இலங்கைக்கு வந்தார். கண்டிக்குத் தெற்கே, தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டம்தான் அதன்பின் அவருடைய உலகம். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது தொழிற்சாலை கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை அழுத்தி வாடிய கொழுந்தை உருட்டினார்கள். பிறகு மண்ணடுப்பில் கரிக் கனல் இட்டு, அதன்மேல் கம்பித் தட்டில் பரப்பிக் காய வைத்தார்கள். கனல் கூடினால் இலை கருகும், புகை ஏறினால் வாசம் கெடும். அடுப்படியில் நின்று பார்த்துக்கொள்ளும் பொறுமைதான் அந்தத் தேயிலையின் தரம். அது உள்ளூரிலேயே இறாத்தல் 1 ரூபா 50 சதத்துக்கு விற்றது. 1872இல் டெய்லர் தானே அமைத்த உருட்டும் இயந்திரத்துடன் தொழிற்சாலை எழுப்பினார். 1873இல் வெறும் 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது.

இதற்கிடையில் 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. சில வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. லூல்கந்துரவைப் பார்த்த மற்றத் துரைமாரும் தேயிலைக்கு மாறினார்கள். அந்த மாற்றம்தான் எங்கள் வாழ்க்கையையும் தீர்மானித்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆட்கள் அதிகம் தேவை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள்.

டெய்லரின் முடிவு சோகமானது. 40 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து அவரை விலகச் சொன்னது உரிமையாளரான கம்பனி. அவர் போக மறுத்தார். சில நாட்களுக்குள் வயிற்றுளைச்சல் கண்டு, 1892 மே 2ஆம் திகதி தன் பங்களாவிலேயே இறந்தார். வயது 57. பெரிய உடம்புக்காரர், ஏறத்தாழ 246 இறாத்தல் எடை. 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாறி மாறி, கண்டி மகியாவ மயானம் வரை அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். பின்னால் கங்காணிமாரும் தொழிலாளரும் நடந்தார்கள். அவரைச் சாமி துரை என்றே அவர்கள் அழைத்ததாகச் சொல்லப்படுகிறது.

மகியாவவில் டெய்லரின் பெயரும் திகதியும் வயதும் பொறித்த கல் இன்றும் இருக்கிறது. சுமந்த 24 பேரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. விறாந்தையில் இலை உருட்டிய கைகள், அடுப்படியில் கண் எரிய நின்றவர்கள் யாரென்றும் தெரியாது. டெய்லர் நல்லவரா கெட்டவரா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். ஒருவரின் பெயர் நிற்க, அவரோடு உழைத்தவர்களின் பெயர் போனது எப்படி என்பதே முதல் கேள்வி.

1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1977லும் 1983லும் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. அவர்களில் பலர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடினார்கள். மலையில் கல்லில்லாமல் புதைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வன்னியிலும் கல்லில்லாமல் போனார்கள். வன்னியில் இருந்த கல்லறைகளையும் இடித்துப்போட்டார்கள் என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்குக் கல் வைக்க இடமோ பணமோ இல்லாதிருக்கலாம். ஒரு கொப்பி வாங்கலாம். அப்பாயி, அம்மாயி, தாத்தாமாரின் பெயர், அவர்கள் பிறந்த தோட்டம், வேலை செய்த மலை, இறந்த இடம் ஆகியவற்றை, உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு இந்த வருடமே எழுதிவையுங்கள். டெய்லரைப் பற்றி இவ்வளவும் தெரிவதற்குக் காரணம், அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை யாரோ பத்திரப்படுத்தியதுதான்.