பந்து சொல்லிக் கொடுத்த வாத்தியார்

தோட்டத்து நண்பர்களே, சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கத்துத் திடல்களில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இந்தியாவின் காற்பந்தை ஆசியாவிலேயே முதலிடத்துக்குக் கொண்டு போனவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் என்றால் நம்புவீர்களா? அவர்தான் சையத் அப்துல் ரஹீம்.

1909-இல் ஐதராபாத்தில் பிறந்தார். உள்ளூர்க் குழுக்களில் நன்றாக ஆடினார். ஆனாலும் பெரிய பேர் கிடைத்தது பயிற்சியாளரான பிறகுதான். 1950-இல் ஐதராபாத் சிட்டி போலீஸ் குழுவை ஏற்றார். அந்த வருடம் தொடங்கி 1954 வரை ஐந்து வருடமும் ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கே! 1951-இல் டில்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம்.

மறு வருடமே பெரிய அடி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோல்வி. நம்ம ஆட்டக்காரர்கள் பலர் காலில் சப்பாத்து இல்லை. ரஹீம் துவண்டு போகவில்லை. பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டாதே, கூட்டாளிக்குக் கொடு என்று பழக்கினார். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று போட்டியே நடத்தினார்.

செகந்திராபாத் பக்கத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன் பலராம். பயிற்சிக்கு வந்து போகக் கையில் காசில்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்தார். அந்தப் பையன்தான் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக் குழுவில் இடம் பிடித்தான். அங்கே இந்தியா நான்காம் இடம். அதற்கு முன் எந்த ஆசிய நாடும் அரையிறுதியை எட்டியதில்லை.

1962, ஜகார்த்தா. ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்த நேரம். ஓர் இந்திய அதிகாரி பேசிய பேச்சால் இந்தோனேசிய ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 தோல்வி. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் என்ன செய்தார்? அவரை முன்வரிசைக்கு அனுப்பினார்! செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே அதே கொரியா, சுற்றிலும் கூச்சல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2–1. தங்கம் இந்தியாவுக்கு. அதே போட்டியில் வெண்கலம் வாங்கியது நம்ம மலாயா என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்பது மாதம்தான். 1963 ஜூன் 11-இல் ரஹீம் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியா தங்கம் வாங்கியதே இல்லை.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகி, திடல்களும் போய்விட்டன. இருக்கிற திடலில் சாயங்காலம் சம்பளமில்லாமல் நம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுப்பவர் இன்னும் இருக்கிறார். அவரைக் கண்டால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். பயிற்சிக்கு வரப் பஸ் காசில்லாத பையனைக் கண்டால், ரஹீம் வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள்.