ராஜா சொல்லியும் வராத நெல், பாதிரியார் சொன்னதும் வந்தது: யார் இந்த சுவார்ட்ஸ் ஐயர்?

1780-களின் தொடக்கம். மைசூரின் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் நடக்கிறது. காவிரி டெல்டாவில் ஹைதரின் குதிரைப்படை புகுந்துவிட்டது. தஞ்சாவூர் கோட்டைக்குள் சிப்பாய்களும் மக்களும் அடைந்து கிடக்கிறார்கள். களஞ்சியத்தில் நெல் தீரப்போகிறது.

சுற்றியுள்ள கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தான் கிடைக்கவில்லை. மாடு வைத்திருந்த விவசாயிகள் யாரும் வரத் தயாராக இல்லை. காரணம், இதற்கு முன்பு வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். இந்த முறை கட்டாயம் பணம் தருகிறோம் என்று ராஜாவே சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் நம்பவில்லை.

கடைசியில் அரண்மனை ஒரு ஜெர்மன் பாதிரியாரிடம் போய் நின்றது. அவர் பெயர் கிறிஸ்தியான் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ். பணத்துக்கு நான் பொறுப்பு, என் கையாலேயே தருகிறேன் என்று அவர் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. சில நாட்களிலேயே 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது.

ராஜாவின் சொல்லுக்கு வராத மாடுகள் இவர் சொல்லுக்கு எப்படி வந்தன? அதற்கு 30 வருஷம் பின்னால் போக வேண்டும்.

கப்பல் ஏறும் முன்பே தமிழ் படித்தவர்

சுவார்ட்ஸ் 1726-ல் அன்றைய பிரஷ்யாவில் உள்ள சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டார். இந்தப் பிள்ளையை இறைப்பணிக்கு விட வேண்டும் என்பது அந்தத் தாயின் கடைசி ஆசை.

படிக்கப் போன ஹாலே நகரத்தில் பெஞ்சமின் சூல்ட்சே என்ற முதியவரைச் சந்தித்தார். சூல்ட்சே தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பல வருஷம் ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். தமிழ் பைபிளை ஜெர்மனியில் அச்சடிக்க ஒரு திட்டம் இருந்தது. அதற்கு உதவியாக இருக்கட்டும் என்று சுவார்ட்ஸைத் தமிழ் படிக்கச் சொன்னார்கள். அச்சு வேலை நடக்கவில்லை. ஆனா படித்த தமிழ் வீணாகவில்லை.

1750 ஜூலையில், டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியில் சுவார்ட்ஸ் வந்து இறங்கினார். நான்கே மாதத்தில் தமிழில் முதல் பிரசங்கம் செய்தார். போகப் போக, நவாபின் ஆட்களோடு பேச பாரசீகமும் இந்துஸ்தானியும், தஞ்சை அரண்மனையில் பேச மராத்தியும் கற்றுக்கொண்டார். பேசப் போகும் ஆளின் மொழியில் பேசுவது அவர் பழக்கம். இடையில் துபாஷி தேவைப்படவில்லை.

அதன் பிறகு 48 வருஷம் அவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இங்கேயே வாழ்ந்து, இங்கேயே இறந்தார்.

கட்டில் மட்டும் நுழையும் அறை

1760-களில் அவர் திருச்சிராப்பள்ளிக்கு மாறினார். அங்கே அவர் தங்கியது ஒரு பழைய கட்டடத்தின் சின்ன அறை. கட்டிலும் அவரும் நுழைந்தால் இடம் முடிந்தது. நெட்டையானவர்கள் நிமிர்ந்து நிற்க முடியாது. சாப்பாடு சோறும் காய்கறியும், இந்த ஊர் முறையில் சமைத்தது. உடுப்பு, கறுப்புச் சாயம் போட்ட சாதாரணத் துணி.

ஐரோப்பியர்கள் பலர் இந்தியாவுக்கு வந்து சீக்கிரம் பணக்காரர் ஆகித் திரும்பிய காலம் அது. சிப்பாய்க்கான சம்பளம், நவாபின் கடன், ராஜாவின் பரிசு என்று எதிலும் ஒரு பங்கு எடுப்பது அன்றைக்குப் பெரிய தப்பாகப் பார்க்கப்படவில்லை. அந்த ஊரில் ஒருத்தர் எதையும் வாங்காமல் இருக்கிறார் என்றால் பேச்சு பரவத்தானே செய்யும்?

1763-ல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக சுவார்ட்ஸ் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். மறு வருஷம் மதுரை முற்றுகையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொள்ளப் போனார். பின்னாளில் கம்பெனி படைக்கு குருவாக இருந்ததற்குச் சம்பளம் வந்தபோது, அதிலும் ஒரு பகுதி சபைக்கும் பள்ளிக்கும் போனது.

ஹைதர் அலி சந்திக்கச் சம்மதித்தது ஏன்?

1779-ல் சென்னை கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் ரம்போல்ட். ஹைதர் அலி போருக்குத் தயாராகிறாரா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கம்பெனி ஆட்களை ஹைதர் நம்ப மாட்டார். 1769-ல் போட்ட ஒப்பந்தப்படி, மராத்தியர் தாக்கியபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை என்ற கோபம் அவருக்கு ஆறவே இல்லை. அதனால் தேர்வு சுவார்ட்ஸ் பக்கம் போனது.

சுவார்ட்ஸ் தயங்கினார். பாதிரியாருக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வி அவருக்கே இருந்தது. போர் வராமல் தடுக்க முடியுமானால் அதுவும் இறைப்பணிதான் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். தன் சொந்த வேலை எதையும் இதில் கலக்க மாட்டேன், பரிசு எதையும் வாங்க மாட்டேன் என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மரியாதையாக வரவேற்றுப் பேசினார். கம்பெனி எங்கெங்கே வாக்கு மீறியது என்று அடுக்கினார். சுவார்ட்ஸ் கேட்டதை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சென்னை காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது.

அந்தப் போரிலும் ஒரு விஷயம் நடந்தது. இந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக் கூடாது, போக வர விட வேண்டும் என்று ஹைதர் தன் தளபதிகளுக்கு உத்தரவு போட்டிருந்தார். எதிரி படைகள் நிற்கும் சாலையில் சுவார்ட்ஸ் நடமாட முடிந்தது.

அந்த 300 ரூபாய் என்ன ஆச்சு?

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கிளம்பும்போது, வழிச்செலவுக்கு என்று ஹைதர் 300 ரூபாய் கொண்ட பை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் வேண்டாம் என்றார். திருப்பிக் கொடுத்தால் அவமரியாதை ஆகிவிடும் என்று அரண்மனை ஆட்கள் சொன்னதால் வாங்கிக்கொண்டார்.

சென்னை வந்ததும் பையை அரசிடம் ஒப்படைத்தார். உங்களுக்குத் தந்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு சொல்லிவிட்டது. அப்படியானால் தஞ்சாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்க இதை முதலாக வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டு, அப்படியே செய்தார். ஹைதரின் பணம் தஞ்சைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது.

கோட்டைக்கு நெல் வந்த கதை

1778-லேயே சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்திருந்தார். ராஜா துளஜாவுக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். அதனால்தான் களஞ்சியம் காலியானபோது அரண்மனைக்கு அவர் நினைவு வந்தது.

நெல் வந்து சேர்ந்ததோடு கதை முடியவில்லை. சுவார்ட்ஸ் ஒவ்வொருவருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்தார். கையில் இருந்தது போதாமல், அடுத்தவர் நம்பிக் கொடுத்து வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தது. மேற்கொண்டு ஒரு சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார். அதனால் அடுத்த முறை தேவை வந்தபோதும் மக்கள் வந்தார்கள்.

இன்னொரு வேலையையும் அவர் சத்தமில்லாமல் செய்து வைத்திருந்தார். நெல் மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேர்த்திருந்தார். பஞ்சம் வந்து தெருவில் பிணங்கள் விழத் தொடங்கியபோது, அந்த நெல்லை வைத்துப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற முடிந்தது.

திரும்பி வந்த 7,000 பேர்

போர் ஓய்ந்த பிறகும் தஞ்சைக்கு நிம்மதி இல்லை. அரண்மனை அதிகாரிகளின் வரிக் கெடுபிடி தாங்காமல் விவசாயிகள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். போனவர்கள் சுமார் 65,000 பேர் என்பது சுவார்ட்ஸ் காலத்துக் கணக்கு. உழவு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. திரும்பி வாருங்கள் என்ற அரசின் அழைப்புக்குப் பதிலே இல்லை.

மறுபடியும் சுவார்ட்ஸிடம்தான் பொறுப்பு வந்தது. அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் உறுதி சொன்னதும் ஏறக்குறைய 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் தவறிவிடுமோ என்று அவர் பயந்தார். நீங்கள் எங்களுக்காக இவ்வளவு செய்தீர்கள், உங்கள் பேரைக் காப்பாற்ற ராப்பகலாக உழைக்கிறோம் என்ற பொருளில் அந்த விவசாயிகள் பதில் சொன்னதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த விவசாயிகளில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் பிரசங்கத்தைக் கேட்டு அவர்கள் மதம் மாறவும் இல்லை. அவர் நம்பிய கடவுளைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கூலி நாளன்று கூலி வரும், சொன்னது சொன்னபடி நடக்கும். இது நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

சரபோஜியும் ஒரு தவறான கணக்கும்

1787-ல் துளஜா ராஜா மரணப் படுக்கையில் இருந்தார். சொந்த வாரிசு இல்லை. சரபோஜி என்ற பத்து வயதுச் சிறுவனைத் தத்து எடுத்து, அவனைப் பார்த்துக்கொள்ளும்படி சுவார்ட்ஸிடம் கேட்டார். ஒரு பாதிரியாரால் இளவரசனைக் காப்பாற்ற முடியாது, உங்கள் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று சுவார்ட்ஸ் யோசனை சொன்னார்.

அந்த யோசனை பலிக்கவில்லை. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கருத்துச் சொல்ல, கம்பெனி அமர்சிங்கையே ராஜா ஆக்கியது. சரபோஜி படிப்பு கூட இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார். அடுத்த பத்து வருஷம் சுவார்ட்ஸ் இதைச் சரிசெய்யவே பாடுபட்டார். சிறுவனின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்தார். அவர் படிப்பதற்கு வழி செய்தார். 1793-ல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தத்து செல்லும் என்பதற்கான சாஸ்திர ஆதாரங்களையும் திரட்டி மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் இறந்தார். அதே வருஷம் ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார். சரஸ்வதி மகால் நூலகத்தை உலகம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளர்த்தது இந்தச் சரபோஜிதான்.

சுவார்ட்ஸ் கைபிடித்து வளர்த்த இன்னொரு சிறுவனும் உண்டு. திருநெல்வேலியில் பார்த்து, தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்த அந்தப் பையன்தான் பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார்.

விமர்சனம் இல்லையா?

இருக்கிறது. சுவார்ட்ஸ் கம்பெனியின் தூதராகப் போனவர். அவர் பாடுபட்டு அரியணை ஏற்றிய சரபோஜியிடமிருந்து 1799-லேயே ஆட்சி நிர்வாகத்தைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. ஒரு நல்ல மனிதரின் பேரைக் கம்பெனி தனக்குப் பயன்படுத்திக்கொண்டதா என்ற கேள்வி நியாயமானது.

சாதி விஷயத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது. அன்றைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்காரும் வழக்கம் இருந்தது. மெல்ல மாறும் என்று சுவார்ட்ஸ் விட்டு வைத்தார். அது தானாக மாறவில்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் அதற்குத் தடை போட்டபோது தஞ்சை சபையிலேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கூலியில் நேர்மை காத்தவர், ஆலயத்துக்குள் இருந்த இந்த அநீதியை நேருக்கு நேர் எதிர்க்கவில்லை.

இன்றைக்கும் பார்க்கலாம்

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், சிவகங்கைப் பூங்கா அருகே சுவார்ட்ஸ் ஆலயம் நிற்கிறது. 1779-ல் கட்டப்பட்டது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பி செதுக்கியது. கட்டிலில் சுவார்ட்ஸ் படுத்திருக்கிறார். பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருப்பவர் சரபோஜி. பள்ளிப் பிள்ளைகளும் சுற்றி நிற்கிறார்கள்.

அந்தச் சிற்பத்தைச் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவரும் சரபோஜிதான். சுவார்ட்ஸ் நினைவாக ஆங்கிலத்தில் அவரே கவிதையும் எழுதினார். கடைசிவரை சரபோஜி இந்துவாகவே இருந்தார். பெரிய கோயில் சுவரில் தன் வம்ச வரலாற்றை மராத்தியில் கல்வெட்டாக வெட்டி வைத்தவரும் அவரே. பெரிய கோயில் கல்வெட்டையும் ஆலயத்துப் பளிங்கையும் ஒரே நாளில், நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.