அறிவியல் மேதை சத்தியேந்திரநாத் போஸ்

கல்கத்தா மாநகரில் 1894-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் பிறந்தார் சத்தியேந்திரநாத் போஸ். தந்தையார் ரயில்வேயில் பணிபுரிந்தவர். ஆறு தங்கையருக்கு ஒரே அண்ணன் இவர். பிரசிடென்சி கல்லூரியில் பயின்று, 1915-இல் எம்.எஸ்ஸி. கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

1921-இல் புதிதாகத் தொடங்கப்பெற்ற டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஒளியைப் பற்றிப் பிளாங்க் கண்ட விதியைக் கற்பிக்கையில், அதனை நிறுவிய முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாது எனக் கொண்டு, புதிய வழியில் அவ்விதியை நிறுவினார். இங்கிலாந்து இதழொன்றுக்கு அனுப்பிய கட்டுரை அங்கு வெளிவரவில்லை. அவரிடம் டாக்டர் பட்டமும் இல்லை. எனினும் மனந்தளராமல், 1924 ஜூனில் ஐன்ஸ்டீனுக்கே அதனை அனுப்பினார். அதன் அருமை உணர்ந்த ஐன்ஸ்டீன், தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அக்கணக்கை அணுக்களுக்கும் விரித்து, கடுங்குளிரில் அவை ஒரே நிலையில் செறியும் என்றும் கண்டார்.

துகள்கள் இருவகை. நம் ஆரப்பாளையம் பேருந்தில் இருக்கைக்கு ஒருவராய் அமர்வோரைப் போன்றவை ஃபெர்மியான்கள். எத்தனையானாலும் ஒரே இருக்கையில் கூடுபவை, போஸின் பெயர் தாங்கிய போசான்கள்.

1945-இல் கல்கத்தா திரும்பிய போஸ், தாய்மொழியில் அறிவியலைப் பரப்ப 1948-இல் வங்கீய விஞ்ஞான் பரிஷத்தை நிறுவினார். 1954-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். நோபெல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1974 பிப்ரவரி 4-ஆம் நாள் மறைந்தார்.

அவர் கணக்கோ மறையவில்லை. 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ருபீடியம் அணுக்கள் அவ்வாறே செறிந்தன. அதே நகரில் பின்னர் தெபோரா ஜின் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் மேலும் ஓர் அரிய செயல் புரிந்தனர். கூடி நில்லாத ஃபெர்மியான் வகைப் பொட்டாசியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும்வரை குளிர்வித்து, காந்தப் புலத்தின் துணையால் இரண்டிரண்டாக இணையச் செய்தனர். இணைந்தவை போசான்களைப் போலவே ஒன்றாய்ச் செறிந்தன!

மாணவியரே! வகுப்பில் பாடம் நடத்துகையில் எழுந்த ஓர் ஐயத்தை அந்த ஆசிரியர் அலட்சியம் செய்யவில்லை. ஓர் இதழ் ஏற்கவில்லை என்று கட்டுரையை மூடி வைக்கவுமில்லை. நம் நோட்டுப் புத்தகங்களிலும் விடை காணாத ஐயங்கள் உண்டல்லவா? அவற்றை நாமும் விடாது தொடர்வோமாக!