பஞ்சமர் கதை எழுதிய டானியல்

செக்காலை என்னும் பெயரிலேயே ஒரு தொழில் அடங்கியிருக்கின்றது. ஊருக்குத் தொழிலால் பெயர் வந்ததில் இழுக்கில்லை. மனிதனுக்குத் தொழிலால் தாழ்வு வந்ததே கொடுமை. அக்கொடுமையைத் தம் வாழ்வில் கண்டு, கதைகளாக எழுதி எழுதியே அதன் வேரைத் தேடியவர் ஈழத்து எழுத்தாளர் கே. டானியல். நம் இளைஞர்கள் அவர் வரலாற்றை அறிதல் வேண்டும் என விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஆனைக்கோட்டையில், சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். கல்வி தொடக்கப் பள்ளியோடு நின்றது. இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தார். முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவா அவருடைய தோழர். எழுத்து நம்மவர்க்கு உரியதன்று என்றிருந்த காலத்தில் இவ்விருவரும் பேனாவை எடுத்தனர்.

பள்ளர், நளவர், பறையர், வண்ணார், அம்பட்டர் ஆகிய ஐவரையும் அங்கே பஞ்சமர் என்றனர். தேநீர்க் கடையுள் இடமில்லை, கோயிலுள் நுழைவில்லை, கிணற்றில் தாமே நீர் அள்ள உரிமையில்லை, பிறர் வந்து வார்க்கும்வரை குடத்தோடு நிற்றல் வேண்டும். 1957 இல் சட்டம் வந்தது, கதவுகள் திறக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஐவருக்குள்ளேயே மேல் கீழ் உண்டு! (நம் பக்கத்தில் மட்டும் இல்லையா என்ன?) டானியல் தம் குலத்தின் துயரை மட்டும் எழுதியிருக்கலாம். ஆயினும் 1972 இல் வெளிவந்த தம் புதினத்திற்குப் ‘பஞ்சமர்’ என்றே பெயரிட்டு, ஐவரின் வாழ்வையும் ஒரே கதையில் நிறுத்தினார். அவர் அரசியல் முழுவதும் அந்தப் பெயரில் இருப்பதாக நாம் கருதுகின்றோம்.

அவர் ஏட்டோடு நின்றவரும் அல்லர். 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் காவலரின் தடியடிக்கு உள்ளாயிற்று. அதன்பின் தேநீர்க் கடை நுழைவும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் நுழைவுப் போராட்டமும் நடந்தன. இவற்றை நடத்திய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் அவர் இருந்தார். களத்தில் கண்டதே பின்னர் கதையாயிற்று. ‘தண்ணீர்’ புதினம் கிணற்றைப் பற்றியது. ‘கானல்’ மதம் மாறியும் சாதி விடாமல் தொடர்ந்ததைச் சொல்வது. கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர் இதனை எழுதத் துணிந்தமை எளிதன்று.

அவர் புதினங்களில் கட்டுக்கோப்பு இல்லை என்பர் சில திறனாய்வாளர். ஓரளவு உண்மையே. ஆனால் உழைக்கும் மக்களின் பேச்சும் தொழிலும் சடங்கும் அவற்றில் உள்ளதுபோல் வேறெங்கும் எளிதிற் கிட்டா. வர்க்கப் போராட்டத்தோடு சாதியும் ஒழியும் என்று அவர் நம்பினார். அம்பேத்கரைப் பயின்ற நமக்கு அதில் ஐயம் உண்டு. அதற்காக அவரை விலக்கிவிட இயலாது.

சிகிச்சைக்காகத் தமிழகம் வந்தவர், 1986 மார்ச் 23 அன்று தஞ்சாவூரில் காலமானார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. காரைக்குடியில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் சென்றடையும் ஊர்.