களஞ்சியத்தில் ஒரு செப்பேடு: பத்ரேசுவரத்து ஜகடூ ஷா

சூலக்கரையிலிருந்து நோக்குவோர்க்குத் துறைமுகம் என்றால் தூத்துக்குடியே நினைவிற்கு வரும். விருதுநகரில் பருப்பும் வற்றலும் எண்ணெயும் கைமாறுவதும், அந்தக் கடற்கரைக்குச் சரக்கு செல்வதும் நாம் நாளும் காண்பன. வாணிகமும் சமண அறமும் பாண்டி நாட்டில் ஒருங்கே வளர்ந்தவை. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் முனிவர்க்கு உறைவிடம் அமைக்க ஈந்தோர் வரிசையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் அறுவை வணிகனும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் கல்லெழுத்தில் நிற்கின்றனர். அவ்வழியினராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய சிராவகர் ஒருவர் மேற்குக் கரையில் வாழ்ந்தார். அவர் கட்ச் நாட்டுப் பத்ரேசுவரத்தின் ஜகடூ ஷா. சுவேதாம்பர மரபினர், நாம் திகம்பரர். தானத்தின் முன் அந்த வேற்றுமை பெரிதன்று.

காலம் 13ஆம் நூற்றாண்டு. ஸ்ரீமாலி குலத்துச் சோலன் என்பாரின் மைந்தராகிய இவரது வரலாற்றைச் சர்வானந்த சூரி என்னும் ஆசாரியர் ஜகடூ சரிதம் என்ற வடமொழிக் காவியமாக இயற்றினார். காவியமாதலின் புனைவும் கலந்திருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜகடூவின் கலங்கள் பாரசீகக் கரை வரை சென்றன. அங்கே அவருடைய முகவரான ஜயந்தசிம்மன் ஒரு கல்லின் பொருட்டுக் காம்பே நகர் வணிகரின் ஆளோடு போட்டியிட்டு, விலையை ஏற்றிக்கொண்டே போய், மூன்று இலட்சம் தீனாரம் கொடுத்து வாங்கிவிட்டானாம். வெறும் கல்லுக்கு இவ்வளவா என்று சினவாமல், அயல் மண்ணில் தம் பெயரைக் காத்தவன் என்று அவனைப் பாராட்டினார் ஜகடூ. பின்னர் அக்கல்லினுள் மணிகள் இருந்தன என்று காவியம் முடிக்கிறது. மணிகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். முகவரைப் பாராட்டிய மனம்தான் கருதத்தக்கது.

பார்க்கர் நாட்டுப் பீடதேவன் பத்ரேசுவரத்தின் மதிலை இடித்தான். கழுதைக்குக் கொம்பு முளைத்தாலன்றி அதை மீண்டும் கட்ட முடியாது என்று சொல்லியும் அனுப்பினான். ஜகடூ குஜராத் அரசரின் படைத்துணை பெற்று மதிலை எழுப்பினார். பொற்கொம்புடைய கழுதையின் உருவம் ஒன்றையும் கல்லில் அமைத்து அதில் வைத்தார். ஜினாலயங்களைப் புதுப்பித்ததோடு முஸ்லிம்களுக்காக ஒரு பள்ளிவாசலும் கட்டுவித்தார். பள்ளி என்னும் சொல் தமிழில் நம் முனிவர் உறைவிடத்துக்கும் உரியதாயிருந்தது என்பது இங்கு நினைவிற்கு வருகிறது.

இவ்வளவும் செல்வர் ஒருவரின் வாழ்வு. அவரைச் சோதித்தது பஞ்சம். கொடிய வறட்சி வரவிருப்பதைக் குருவான பரமதேவ சூரி முன்னரே உணர்த்த, ஜகடூ ஊர்தோறும் தானியம் வாங்கிக் களஞ்சியங்களில் நிரப்பினார். விளைச்சல் மிகுந்த நாளில் வாங்கி அருகிய நாளில் விற்பது எந்தச் சந்தையும் அறிந்த வழி. 1256 முதல் மூன்றாண்டுகள் மழை பொய்த்தது. வாகேலா அரசர் வீசலதேவரின் பண்டகசாலைகளே வெறுமையாயின. அவர் ஜகடூவை அழைத்துத் தானியம் கேட்டார். தம்முடைய தானியம் என்று ஒரு மணியும் இல்லை என்றார் ஜகடூ. ஐயமிருப்பின் களஞ்சியத்துச் செங்கற்களிடையே பார்க்கச் சொன்னார். அங்கே இருந்த செப்பேட்டில் அத்தானியம் வறியவர்க்கென்று பொறிக்கப்பட்டிருந்தது. பசி வருமுன்பே அதன் உரிமையை விட்டவர் அவர். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை ஒரு வணிகர் இதனினும் தெளிவாகக் கணக்கில் எழுதியிருக்க முடியுமா?

அரசருக்கு மூடா என்னும் அளவில் 8,000 வழங்கினார். சிந்து, காசி, டில்லி அரசர்களுக்கும் அளித்தார். 112 அன்ன சாலைகள் நடந்தன. கையேந்த நாணிய நற்குடியினர்க்கு இரவில் இனிப்பு உருண்டைகள் சென்றன. உள்ளே பொற்காசு இருந்தது. அவற்றுக்கு நாணப் பிண்டம் என்றே பெயர். கொடுத்ததைவிடக் கொடுத்த முறை நம்மை நெடுநேரம் நினைக்க வைக்கிறது.

கடல் வாணிகம் பின்னர் வேறு துறைகளை நாடியது. பத்ரேசுவரத்தின் பழங்கற்கள் முந்த்ரா துறைமுகம் கட்டப் பெயர்த்தெடுக்கப்பட்டன. 2001 நிலநடுக்கத்தில் சிதைந்த ஜினாலயத்தை மட்டும் சமூகத்தார் மீண்டும் எழுப்பியுள்ளனர். யாத்திரிகர் இன்றும் செல்கின்றனர்.