திருவண்ணாமலை குகையில் தவமிருந்த பிரெஞ்சு பாதிரியார்: யார் இந்த அபிஷிக்தானந்தர்?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து பௌர்ணமிக்கு திருவண்ணாமலை பஸ் ஏறுபவர்கள் ஏராளம். அதே மலையின் குகைகளில் 1950-களில் ஒரு கத்தோலிக்க பாதிரியார் காவி கட்டி, மௌன விரதம் இருந்தார் என்பது பலருக்கும் தெரியாது. அப்போது திருவண்ணாமலையும் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

அவர் பெயர் அபிஷிக்தானந்தர். இயற்பெயர் ஆன்றி லெ சோ. ஒவ்வொரு மனுஷனுக்குள்ளும் கடவுள் இருக்கிறார் என்றால், அவரை உள்ளே போய் எப்படிப் பார்ப்பது? இந்தக் கேள்விதான் அவரை இங்கே இழுத்து வந்தது.

பிரான்ஸிலிருந்து காவிரிக்கரைக்கு

பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் 1910-ல் பிறந்தவர், 1929-ல் பெனடிக்ட் சபை மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். இந்தியாவுக்கு வரவேண்டும் என்ற ஆசை நிறைவேறியது 1948-ல். இரண்டே வருஷத்தில், பாதிரியார் ஜூல்ஸ் மொன்ஷானினோடு சேர்ந்து குளித்தலை அருகே சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். சாந்திவனம் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். காவி உடை, சைவச் சாப்பாடு என சாதுக்கள் போலவே வாழ்ந்தார்கள்.

இது முதல் முயற்சி அல்ல. தோல் தொழில் பெல்ட்டை ஒட்டிய திருப்பத்தூரில், 1921-லேயே புராட்டஸ்டன்ட் டாக்டர்கள் இரண்டு பேர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

ரமணரைப் பார்த்த பிறகு

1949 ஜனவரியில் ரமண மகரிஷியைப் பார்க்கப் போனார். முதலில் ஏமாற்றம்தான். ரமணரைச் சுற்றி நடந்த ஆரவாரம் அவருக்கு ஒட்டவில்லை. அப்புறம் காய்ச்சல் வந்து படுத்தபோது, அந்த முகமும் அங்கே கேட்ட வேத ஒலியும் மனதை விட்டுப் போகவில்லை. 1952-லிருந்து அருணாசல மலைக் குகைகளில் அவ்வப்போது தனியாகத் தங்க ஆரம்பித்தார்.

இதயத்தைக் குகை என்று சொல்கின்றன உபநிடதங்கள். கிறிஸ்தவத்திலும் இந்த எண்ணம் புதுசு இல்லை. ஆன்மாவின் ஆழத்தில் கடவுள் இருக்கிறார் என்று ஜெர்மனியின் எக்கார்ட் பிரசங்கம் செய்தார். ஸ்பெயினின் அவிலா தெரசா, ஆன்மாவை பல அறைகள் கொண்ட கோட்டையாகவும், நடு அறையில் கடவுள் குடியிருப்பதாகவும் எழுதினார்.

அப்படியானால் என்ன சிக்கல்?

உள்ளே கடவுள் இருக்கிறார் என்பதை திருச்சபை ஏற்கிறது. ஆனால் படைத்தவர் வேறு, படைக்கப்பட்டவர் வேறு. ரமணரின் அத்வைதமோ அந்தக் கோட்டையே அழிக்கிறது. இரண்டாவது ஆள் இல்லை என்றால், ஜெபம் செய்வது யார், யாரிடம்?

அபிஷிக்தானந்தரை இந்தக் கேள்வி பல வருஷம் வாட்டியது. குகை அனுபவத்தை வைத்து எழுதிய நூலுக்கு திருச்சபைத் தணிக்கையில் அனுமதி கிடைக்கவில்லை. கூட இருந்த மொன்ஷானினுக்கே இந்தப் பாதையில் தயக்கம் இருந்தது. தன் நம்பிக்கைக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற பயத்தை டைரியில் கொட்டியபடியே பூசையும் நிறைவேற்றிவந்தார். பாதிரியார் பட்டத்தையும் விடவில்லை, அருணாசலத்தையும் விடவில்லை.

கடைசி நாட்கள்

1957-ல் மொன்ஷானின் இறந்தார். 1968-ல் ஆசிரமம் பீட் கிரிஃபித்ஸ் கைக்குப் போக, இவர் இமயமலையின் உத்தரகாசியில் தங்கிவிட்டார். 1973 ஜூலையில் ரிஷிகேஷ் கடைவீதியில் மாரடைப்பு வந்து சாலையோரம் விழுந்தார். அந்த நேரத்தில் வாழ்வும் சாவும் ஒன்றுபோலத் தெரிந்ததாகவும், இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டதாகவும் நண்பர்களுக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 7-ல் இந்தூரில் காலமானார்.

இரண்டில் எது சரி என்று அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் வாழ்க்கை சுலபமாகியிருக்கும். இரண்டையும் கடைசி வரை சேர்த்தே சுமந்தார். அவர் தொடங்கிய சாந்திவனத்துக்கு இன்றும் பல நாட்டிலிருந்து, பல மதத்தவர் தியானம் செய்ய வருகிறார்கள்.