தானியத்துக்கு ஒரு தங்கை!

சக்கரவர்த்தி வீட்டுப் பெண்ணுக்கும் சந்தையில் விலை உண்டா, தோழர்களே? உண்டு! உரோமாபுரி அந்த விலையை அளந்தே கொடுத்தது.

பேரரசன் தியோடோசியசின் மகள் காலா பிளாசிடியா. 410இல் கோத்தியர் உரோம் நகரைச் சூறையாடினர். அவள் அவர்களிடம் சிறைப்பட்டாள். 414இல் அவர்கள் தலைவன் அத்தால்ஃபுக்கு மனைவியானாள். பெற்ற பிள்ளை பச்சிளம் பருவத்தில் மாண்டது. 415இல் கணவன் கொலையுண்டான். 416இல் கோத்தியர் அவளைத் திருப்பி அனுப்பினர். அண்ணன் ஹொனோரியசின் அரசு ஈடாகத் தந்தது ஆறு இலட்சம் உரோம மரக்கால் தானியம்! மூட்டை அங்கே; மங்கை இங்கே!

வந்தவளை விட்டார்களா? 417இல், அவள் மறுத்தும் கேளாது, தளபதி கான்ஸ்டான்டியசின் கையில் பிடித்துக் கொடுத்தான் அண்ணன். நான்கே ஆண்டில் மீண்டும் கைம்பெண்! அண்ணனோடு பகை மூண்டது. கான்ஸ்டான்டிநோபிளில் தஞ்சம் புகுந்தாள். 425இல் ஆறு வயது மகன் வாலன்டினியன் அரியணை ஏறினான். அவன் பெயரால் 12 ஆண்டுகள் மேற்கு உரோமப் பேரரசை ஆண்டவள் அவளே!

ஆண்டும் என்ன? மகள் ஹொனோரியாவுக்கும் பிடிக்காத மணத்தையே பேசியது அரண்மனை. மகளோ ஹூணர் தலைவன் அட்டிலாவுக்கு மோதிரம் அனுப்பி உதவி கேட்டாள். உடன்பிறந்தவளையே கொல்லத் துணிந்தான் வாலன்டினியன். தாய் மன்றாடினாள், மகள் உயிர் தப்பினாள். அந்த 450ஆம் ஆண்டிலேயே தாய் கண் மூடினாள்.

மகுடம் சூட்டினார்கள், சம்மதம் கேட்டார்களா? பெண்ணின் சம்மதம் கேளாத வீடு, மாளிகையே ஆனாலும் சந்தைதான்!